கையில் 25,000 ரூபாய்: கேமராவுக்கு முன்னால் எதை எடுக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

நீங்கள் கேட்ட கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஈரோட்டில் மாதச் சம்பள வேலை. புகைப்படம் எடுப்பதைப் பொழுதுபோக்காகத் தொடங்க ஆசை, ஒதுக்கி வைத்த பணம் 25,000 ரூபாய். கூட வேலை செய்பவர், "ஒருமுறை கேமரா வாங்கினால் அப்புறம் லென்ஸ் லென்ஸாக வாங்கிக் கடனாளி ஆகிவிடுவாய்" என்கிறார். கல்யாண ஆர்டர் எடுக்கும் நண்பர் ஒருவரோ தன்னிடம் சும்மா கிடக்கும் நிக்கான் டி5300 கேமரா, கூடவே வந்த 18-55 லென்ஸ், 50 மி.மீ. எஃப் 1.8டி லென்ஸ் மூன்றையும் 22,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா, இல்லை போனே போதுமா? (லென்ஸில் மி.மீ. எண் கூடினால் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும், எஃப் எண் குறைந்தால் வெளிச்சம் அதிகம் உள்ளே வரும்.)

கூட வேலை செய்பவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கடனாளி ஆனவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்களை அந்த நிலைக்குக் கொண்டுபோனது பெரும்பாலும் கேமரா இல்லை, எடுக்கத் தேர்ந்துகொண்ட விஷயம்தான். பறவை எடுக்க வேண்டும் என்று இறங்குகிறவருக்கும், தெருவில் மனிதர்களை எடுக்க இறங்குகிறவருக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அதனால் எந்தக் கேமரா என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு எதை எடுக்கப் போகிறீர்கள் என்பதிலிருந்து வருகிறேன்.

பறவையில் தொடங்குவோம், ஏனென்றால் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே வெள்ளோடு இருக்கிறது. 2022இல் ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் பட்டியலில் சேர்ந்த பறவைகள் சரணாலயம். குளிர்காலத்தில் ஒருமுறை போய்விட்டு வந்தால் யாருக்கும் ஆசை வந்துவிடும். அங்கே போய் 18-55 லென்ஸில் எடுத்தால் படத்தில் பறவை ஒரு புள்ளியாகத்தான் இருக்கும். இறகு தெரிகிற மாதிரி எடுக்க 400 மி.மீ.க்குக் குறையாமல் வேண்டும். பறவை எடுப்பவர்கள் பலரும் வாங்குகிற 150-600 லென்ஸ் புதிதாக முக்கால் லட்சத்துக்கு மேல். அதைத் தாங்க ஸ்டாண்டு, வேகமாக ஃபோகஸ் பிடிக்கிற பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா), காட்டுக்குப் போய்வரும் செலவு என்று வரிசையாக வரும். கடன் கதைகளில் நிறைய இந்த வழியில் வந்தவைதான். அப்படியும் பறவைதான் வேண்டும் என்றால் ஒரு குறுக்கு வழி உண்டு: நிக்கான் பி900 போன்ற, லென்ஸ் கழற்ற முடியாத சூப்பர் ஜூம் கேமரா. 2015இல் வந்தது, 83 மடங்கு ஜூம். உள்ளே வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சார் சின்னது, அதனால் வெளிச்சம் குறைந்தால் படம் பொரிப்பொரியாகிவிடும். நல்ல வெயிலில் அடையாளம் காணும்படி, பார்க்கும்படி படம் வரும். பழையதாகக் கிடைத்தால் உங்கள் பட்ஜெட்டை ஒட்டி வரும்.

மனிதர்களை எடுப்பதுதான் இருப்பதிலேயே மலிவு, இருப்பதிலேயே கஷ்டமும். உங்கள் பக்கம் இதற்குக் குறைவே இல்லை. மஞ்சள் மண்டி, ஜவுளிச் சந்தை, பவானியில் ஜமக்காளத் தறி, கூடுதுறையில் திதி கொடுக்க வருகிறவர்கள், ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவின் குதிரைச் சந்தை. வெளியூரிலிருந்து ஆட்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிற இடங்களுக்கு நீங்கள் டவுன் பஸ்ஸில் போய்விடலாம். இதற்கு ஒரு சின்ன கேமராவும் ஒரே ஒரு லென்ஸும் போதும். கஷ்டம் எங்கே என்றால், முன்பின் தெரியாத ஆளிடம் போய் "அண்ணா, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்பதில். கேட்டுவிட்டு உடனே எடுக்காதீர்கள். பேச்சுக் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் விறைப்பு போய்விடும், அப்புறம் எடுங்கள். அடுத்த முறை போகும்போது சின்ன அளவில் ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிடுங்கள். டீக்காசு அளவுதான் ஆகும். அந்தத் தெருவில் அதற்குப் பிறகு உங்களை யாரும் ஏன் எடுக்கிறாய் என்று கேட்கமாட்டார்கள். பக்கத்துக் கடைக்காரர் தானாகவே கூப்பிடுவார்.

பூச்சி, பூ, பாக்கு மரத்தில் ஊரும் எறும்பு என்று நுணுக்கப் படம் எடுப்பதும் மலிவுதான், அதுவும் ஊர் தாண்டாமல். மேக்ரோ லென்ஸ் என்று தனியாக வாங்கினால் செலவு. சில நூறு ரூபாய்க்கு ரிவர்ஸ் ரிங் என்று ஒன்று கிடைக்கும், அதை வைத்துச் சாதாரண லென்ஸைத் தலைகீழாகப் பொருத்தினால் அதே வேலையைச் செய்யும். இதைப் பற்றிக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன், உங்கள் நண்பர் தரும் லென்ஸோடு இதற்குச் சம்பந்தம் இருக்கிறது.

கோயில், சிற்பம் எடுக்க ஆசை என்றால் போனிலேயே நன்றாக வரும் என்று நினைப்பீர்கள். ஒரு சிக்கல்: கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அறநிலையத்துறைக் கோயில் என்றால் போகுமுன் கேட்டுக்கொள்வது நல்லது, கருவறைப் பக்கம் எப்போதுமே கூடாது. தொல்லியல் துறை வசம் இருக்கும் மாமல்லபுரம் போன்ற இடங்களில் கையில் பிடித்து எடுக்கத் தடையில்லை, ஸ்டாண்டு வைக்கத்தான் அனுமதி வேண்டும். இந்த வகைப் படங்களுக்குத் தமிழ்நாட்டில் நீண்ட கதை உண்டு. 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ கேப்டன் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அன்று அதற்குக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசாங்கத்தின் பணமும் மாட்டு வண்டிகளும் வேண்டியிருந்தன. இன்று அதே வேலைக்கு உங்கள் போனில் ஒரு விரல் அசைவு போதும்.

சரி, போன் போதுமா? கடந்த நான்கைந்து வருடத்தில் வாங்கிய போன் இருந்தால் முதல் இரண்டு மூன்று மாதத்துக்குப் போதும், அதுவும் எதை எடுப்பது என்று தெரிந்துகொள்ள. ஞாயிறுதோறும் எடுங்கள், மாதக் கடைசியில் எல்லாவற்றையும் உட்கார்ந்து பாருங்கள். எது அதிகம் இருக்கிறதோ அதுதான் உங்கள் விஷயம். மனிதர்கள் என்று நினைத்துத் தொடங்கியவருக்குக் கதவும் ஜன்னலுமாக வந்து நிற்கும், அதுவும் நல்லதுதான். போனில் இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். லென்ஸைத் துடையுங்கள், எண்ணெய்க் கையோடு பிடித்துப் பிடித்து அது மங்கிக் கிடக்கும். முகத்தை எடுக்கும்போது 1எக்ஸில் பக்கத்தில் போகாதீர்கள். போனின் முதன்மை லென்ஸ் அகலக் கோணம், மூக்கைப் பெரிதாக்கிக் காதைச் சுருக்கிவிடும். இரண்டடி பின்னால் போய் 2எக்ஸில் எடுங்கள்.

போன் தோற்கும் இடங்கள் எவை என்பதும் சீக்கிரம் தெரிந்துவிடும். ஓடுகிற குதிரை, அந்தி மங்கிய சந்தை, முகத்துக்குப் பின்னால் உண்மையாகவே கரைந்து போகும் பின்னணி. இவை வேண்டும் என்று தோன்றினால் கேமராவுக்கு வாருங்கள். இப்போது அதற்கு நல்ல நேரம்தான். கேனான், நிக்கான் இரண்டும் 2020க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) மாடல் எதையும் கொண்டுவரவில்லை. தொழில்முறைக்காரர்கள் அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்கு மாறுகிறார்கள், அவர்கள் கழற்றிவிட்ட பழைய கேமராக்கள் சந்தையில் மலிந்து கிடக்கின்றன. 24 மெகாபிக்ஸல் உள்ள, பத்து வருடப் பழைய டிஎஸ்எல்ஆர் 18-55 லென்ஸோடு சுமார் 15,000 முதல் 20,000 வரைக்கும் வருகிறது. புது மிரர்லெஸ் என்றால் உங்கள் பட்ஜெட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும். பழையது என்றால் படம் மட்டமாக இருக்குமோ என்று தயங்க வேண்டாம். 2013இல் அந்தக் கேமரா எடுத்த படம் எவ்வளவு நன்றாக இருந்ததோ அதே அளவு இன்றும் இருக்கும். மாறியது விளம்பரம்தான்.

பழைய கேமராவைப் பார்க்கப் போகும்போது உங்கள் சொந்த மெமரி கார்டை எடுத்துக்கொண்டு போங்கள். எஃப் 22 வைத்து வெள்ளைச் சுவரையோ வானத்தையோ ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், சென்சாரில் தூசியோ கீறலோ இருந்தால் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். தூசி என்றால் சுத்தம் செய்துகொள்ளலாம், கீறல் என்றால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். லென்ஸைக் கழற்றிப் பின்பக்கமாகப் போன் டார்ச் அடித்து முன்பக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் தெரிந்தால் பூஞ்சை. கடற்கரை ஊர்களில் இருந்து வரும் லென்ஸில் இது சகஜம். எத்தனை கிளிக் ஓடியிருக்கிறது என்பதை நிக்கானில் எடுத்த படத்தின் தகவலிலிருந்தே படித்துவிடலாம், அதற்கு இலவசத் தளங்கள் இருக்கின்றன. கேனானில் அவ்வளவு எளிதில் தெரியாது. இந்த வகுப்புக் கேமராக்களின் ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் திரை, ஒரு லட்சம் கிளிக்குக்கு என்று சொல்லப்படுவது. கல்யாண ஆர்டர் எடுப்பவர் ஒரு முகூர்த்தத்திலேயே இரண்டாயிரம் அடித்துவிடுவார், ஆகவே நண்பரானாலும் எண்ணைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். பில் இருந்தால் பாடியில் உள்ள எண்ணோடு ஒத்துப் பாருங்கள். திருட்டுக் கேமரா வாங்கிய தலைவலி யாருக்கும் வேண்டாம்.

லென்ஸ் விஷயத்தில் நிக்கானில் ஒரு பொறி இருக்கிறது, உங்கள் நண்பர் தருவதிலும் இருக்கிறது. டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் ஃபோகஸ் செய்யும் மோட்டார் பாடிக்குள் கிடையாது. லென்ஸுக்குள் மோட்டார் இருந்தால்தான் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யும். பெயரில் ஏஎஃப்-எஸ் என்றோ ஏஎஃப்-பி என்றோ இருந்தால் மோட்டார் உண்டு. வெறும் ஏஎஃப், ஏஎஃப்-டி என்றால் இல்லை. 50 எஃப் 1.8டி இரண்டாவது ரகம். டி5300இல் போட்டால் படம் எடுக்கும், ஃபோகஸை மட்டும் நீங்கள் கையால் திருக வேண்டும். அசையாத பொருளுக்குச் சமாளிக்கலாம், சந்தையில் நடமாடும் ஆளுக்கு முடியாது. இன்னொன்று, ஏஎஃப்-பி லென்ஸ் டி3200 போன்ற அதற்கு முந்தைய பாடிகளில் ஃபோகஸ் ஆகாது. கேனானில் இந்தக் குழப்பம் இல்லை, இஎஃப் லென்ஸ் எல்லாவற்றுக்கும் உள்ளேயே மோட்டார்.

கேமராவோடு வரும் 18-55 லென்ஸைப் பலர் மட்டமாகப் பேசுவார்கள். பகலில் அது நல்ல லென்ஸ். குறை ஒன்றுதான்: 55இல் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஒன்பது பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கல்யாண மண்டபத்துக்குள், மாலை ஆறு மணிச் சந்தையில் இந்த வித்தியாசம்தான் படம் தெளிவாக இருப்பதற்கும் ஆடிப்போவதற்கும் காரணம். அதனால் இரண்டாவது லென்ஸ் என்று ஒன்று வாங்கினால் எஃப் 1.8 வாங்குங்கள். இந்த வகுப்புக் கேமராக்களின் சென்சார் அளவுக்கு 50 மி.மீ. முகங்களுக்குப் பொருந்தும், குறுகிய வீட்டுக்குள் பின்னால் போக இடம் இருக்காது. எல்லாவற்றுக்கும் ஒன்றே என்றால் நிக்கான் 35 எஃப் 1.8ஜி, உள்ளே மோட்டார் உண்டு, பழையதாகவே எளிதில் கிடைக்கிறது. இதற்கு மேல் மூன்றாவது லென்ஸ் பற்றி ஒரு வருடம் கழித்து யோசியுங்கள்.

சாமான் பைத்தியம் பிடிக்கும்போது நான் மா. கிருஷ்ணனை நினைத்துக்கொள்வேன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்தவர், காட்டு யானைகளை அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை இன்றும் பேசுகிறார்கள். அவர் கேமராவோ ஒரு கம்பெனியின் பாடி, இன்னொரு கம்பெனியின் லென்ஸ், மற்றதெல்லாம் அவரே கோத்துக் கட்டியது. அதற்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார்.

செட்டிங் பற்றி நிறையப் பயப்படுகிறார்கள், தேவையில்லை. டயலை 'ஏ'யில் வையுங்கள் (எஃப் எண்ணை நீங்கள் வைப்பீர்கள், மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும்), ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்குச் சென்சார் காட்டும் உணர்திறன்) ஆட்டோவில் விட்டு உச்சம் 3200, ஷட்டர் வேகம் குறைந்தபட்சம் 1/250 நொடி என்று மெனுவில் சொல்லிவிடுங்கள். முகம் என்றால் எஃப் எண்ணைக் குறையுங்கள், இடம் என்றால் 8 வையுங்கள். மனிதர்களை எடுப்பதில் முக்கால்வாசி இதிலேயே முடிந்துவிடும். மற்றதை ஒவ்வொன்றாகத் தேவை வரும்போது கற்றுக்கொள்ளலாம். ஃபிலிம் காலத்தில் 36 படத்துக்கு ஒரு ரோல், கழுவக் காசு, பிரிண்டுக்குக் காசு என்று ஒவ்வொரு தவறுக்கும் பணம் போனது. இப்போது ஆயிரம் தவறு செய்தாலும் பேட்டரி மட்டும்தான் போகும்.

வெளிச்சத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் நிறைய ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்கள் எழுதியவை. சூரியன் உதித்து ஒரு மணி நேரம் பொன் வெளிச்சம் என்பார்கள். நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறும், சாய்ந்து ஏறாது. உதயத்திலிருந்து, பொன் வெளிச்சம் முடிகிற ஆறு டிகிரி உயரத்துக்கு வர ஈரோட்டில் சுமார் 25 நிமிடம், கோடைக் காலத்து லண்டனில் கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம். ஆகவே ஏழு மணிக்கு எழுந்து ஏழரைக்குப் போனால் பொன் வெளிச்சம் போயிருக்கும், ஆறு மணிக்கே இடத்தில் இருக்க வேண்டும். அப்புறம் பத்திலிருந்து மூன்று வரை முகத்தை வெயிலில் எடுக்காதீர்கள். கண்குழியில் கறுப்பாக விழும், வெள்ளை வேட்டி வெளுத்து விவரம் இல்லாமல் போய்விடும். ஆளை வாசல் நிழலுக்கோ, மண்டித் தகரக் கூரைக்குக் கீழேயோ கொண்டுவாருங்கள். வெளியே தரையில் பட்டுத் திரும்பும் வெயில் முகத்தில் மென்மையாக விழும். மஞ்சள் குவியலுக்குப் பக்கத்தில் என்றால் முகத்திலும் லேசாக மஞ்சள் ஏறும், அதைத் திருத்தாமல் விடுங்கள், அதுதான் அந்த இடம்.

உச்சி வெயில் சும்மா வீணாகவும் வேண்டாம். கிழக்குப் பார்த்த புடைப்புச் சிற்பங்களுக்குக் காலை எட்டு மணி வெளிச்சம் நேராக அடித்து எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். பதினொரு மணி வாக்கில் சூரியன் மேலிருந்து சுவரை உரசிக்கொண்டு இறங்கும், அப்போது ஒவ்வொரு விரலும் மடிப்பும் நிழலோடு எழுந்து நிற்கும். மாமல்லபுரத்து அர்ஜுனன் தபசு கிழக்குப் பார்த்ததுதான். அங்கே மற்றவர்கள் நிழல் தேடிப் போகும் நேரத்தில் நீங்கள் எடுக்கலாம்.

பராமரிப்புக்குப் பெரிய பெட்டி எதுவும் வேண்டாம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் பூஞ்சை வராது. நீல நிற ஜெல் ரோஜா நிறமானால் வாணலியில் மெதுவாகச் சூடாக்கினால் திரும்ப நீலமாகும், ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, சமையலுக்கு எடுக்காத வாணலியில் செய்யுங்கள். கேமராவைத் தோல் பைக்குள் மூடி அலமாரியில் வைப்பதுதான் லென்ஸைக் கொல்லும் வழி. ஏசி அறையிலிருந்து வெளியே போகும்போது லென்ஸில் ஆவி படியும், பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள்.

படத்தைச் சரிசெய்ய மாதச் சந்தா கட்டாதீர்கள். போனில் ஸ்நாப்சீட் இலவசம். கணினியில் டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம். நிக்கான் வைத்திருந்தால் அவர்களே தரும் என்எக்ஸ் ஸ்டுடியோவும் இலவசம், அதுதான் கற்க எளிது. மெமரி கார்டு வாங்கியதும் ஒருமுறை முழுக்க நிரப்பி, எல்லாப் படமும் திறக்கிறதா என்று பாருங்கள், போலிக் கார்டுகள் பாதியில் காலை வாரும். ஒரு ரா படம் (கேமரா மெருகேற்றாத மூலப் படம்) 25 எம்பி அளவு, 64 ஜிபி கார்டு தாராளம். நல்ல படங்களை மட்டும் இரண்டு இடத்தில் வையுங்கள்.

இனி நண்பரின் கேமராவுக்கு வருகிறேன். டி5300 நல்ல தேர்வு. 24 மெகாபிக்ஸல், திருப்பி மடக்கும் திரை, போனுக்குப் படம் அனுப்ப வைஃபை எல்லாம் உண்டு. கிளிக் எண்ணிக்கை 40,000க்குள் இருந்து, டார்ச் சோதனையில் லென்ஸ் சுத்தமாக இருந்தால் 22,000 அநியாய விலை இல்லை. ஆனால் அந்த 50 லென்ஸ் உங்கள் கேமராவில் ஆட்டோ ஃபோகஸ் ஆகாது என்பதைச் சொல்லி 18,000த்தில் பேச்சைத் தொடங்குங்கள், அவருக்கும் அது தெரிந்திருக்கும். படிந்தால் 50ஐ வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். நான் முன்னால் சொன்ன தலைகீழ் வித்தைக்கு அதைவிடப் பொருத்தமான லென்ஸ் கிடைக்காது. புது லென்ஸ்களைத் திருப்பிப் போட்டால் எஃப் எண்ணை மாற்ற வழி இருக்காது, இந்தப் பழைய டி லென்ஸில் அதற்கென்று தனி வளையம் இருக்கிறது. 52 மி.மீ. ரிவர்ஸ் ரிங் வாங்கித் திருப்பிப் பொருத்துங்கள், டயலை 'எம்'மில் (எல்லாம் கைமுறை) வைத்து, வளையத்தை 8 அல்லது 11க்குத் திருகி, ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 200, பாடியில் உள்ள ஃபிளாஷைக் கைமுறையில் கால் பங்கு சக்தி. ஃபிளாஷுக்கு முன்னால் வெள்ளைக் காகிதத்தை வளைத்து ஒட்டிக்கொள்ளுங்கள். ஃபோகஸ் வளையத்தைத் திருகாமல், உடம்பை முன்னும் பின்னும் அசைத்துப் பூச்சியின் கண் தெளியும் நொடியில் அழுத்துங்கள். கிளிக் ஆகாமல் போனால் பூச்சி பறந்திருக்கும், வேறொன்று வரும்.

18,000 முதல் 20,000க்குள் முடிந்தால் மிச்சத்தில் கார்டு, டப்பா, ஜெல், ரிங் எல்லாம் வந்துவிடும். 35 எஃப் 1.8க்குக் கொஞ்சம் போதாது, ஆறு மாதம் பொறுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை 18-55ஐயே 35இல் நிறுத்தி, ஜூமைத் தொடாமல் ஒரு மாதம் எடுத்துப் பாருங்கள், அந்த லென்ஸ் உங்களுக்கு ஒத்து வருமா வராதா என்று வாங்காமலே தெரிந்துவிடும். எண்ணிக்கை 70,000, 80,000 என்று இருந்தால் நண்பர் மனம் நோகாதபடி மறுத்துவிட்டு வேறு தேடுங்கள், இதே மாடல் நிறையக் கிடைக்கிறது.